திங்கட்கிழமைக் கெட்டிக்காரர்கள்

அந்தத் தலைமை ஆசிரியை படம் வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டினால் கல்லும் வாய் திறந்து பேசும். சரி, கல் வரைக்கும் போக வேண்டாம். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். ஆனால் பேச்சே வராது என்று டாக்டர்கள் கைவிட்ட குழந்தைகள் அவளிடம் பேசினார்கள். அது பொய்யில்லை.

அவள் வழி சுலபம். அட்டையைக் காட்டுவாள். குழந்தை சொல்லைச் சொன்னால், ஏன், உதட்டைக் குவித்தாலே போதும், நகத்தளவு பிஸ்கட் துண்டு வாய்க்குள் போகும். இதை வைத்தே சாதாரண டீச்சராக இருந்தவள் சிறப்புப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையானாள். மற்ற பள்ளி டீச்சர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் வகுப்பை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அங்கே ஒரு சிறுமி. சத்தமே போடாதவள் என்பதால், பள்ளியில் மதியச் சோறு ஆக்கும் சமையல்காரம்மா அவளுக்கு வைத்த பெயர் 'பட்டாசு'. அந்தப் பட்டாசு ஒரு திங்கட்கிழமை வெடித்தது. தலைமை ஆசிரியை அட்டையை எடுப்பதற்குள், "பந்து, பூனை, கதவு, குடை" என்று தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். கண் அட்டையில் இல்லை, பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த தாயைத் தலைமை ஆசிரியை வாசலில் நிறுத்தினாள்.

"சனி, ஞாயிறு பிள்ளை என்னம்மா சாப்பிட்டா?"

"சனி, ஞாயிறுதான் ஸ்கூல் இல்லியே, டீச்சர்."

திங்கட்கிழமைகளில் குழந்தைகள் பிரமாதமாகப் படிப்பார்கள் என்று மேடையேறிப் பெருமை பேசியவள் தலைமை ஆசிரியை. ஓய்வெடுத்த மூளை என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து வெறி பிடித்தவள் போல் அலைந்தாள். அதிகாரிகள் காலைப் பிடிக்காத குறை. கடைசியில் காலைச் சாப்பாட்டுக்கு அனுமதி வாங்கினாள். சனிக்கிழமையும் அடுப்பு எரிந்தது. ரொட்டி, முட்டை, பால். குழந்தைகள் கன்னத்தில் சதை பிடித்தது. கூடவே பேச்சு நின்றது. வயிறு நிறைந்த பட்டாசு அட்டையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள். நிஜமாகக் கற்றுக்கொடுப்பதை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதற்குக் காலம் வேண்டும்.

யார் கொடுப்பார்கள்? மேலதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா இது? சாப்பாடு போட ஆரம்பிச்சதும் ஒண்ணுகூட வாயைத் திறக்கல?"

"முன்னாடியும் அதுங்க படிக்கல சார். பசிச்சுதுங்க."

"பசியோ கிசியோ, பேசுச்சுங்கல்ல? எங்களுக்கு அதாம்மா வேணும்."

அடுத்த வாரமே சமையலறைக்குப் பூட்டு. தலைமை ஆசிரியை பள்ளிச் சாவிக்கொத்தை அந்த மனிதர் மேஜையில் விட்டெறிந்து, "உங்க வேலையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று தலை நிமிர்ந்து படியிறங்கினாள் என்று நான் முடிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமையல்காரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா அளக்காதீங்கம்மா. எந்தச் சாவியையும் அவங்க எறியல. இன்னிக்குக் காலையிலகூட வெறும் வயித்தோட வந்த பட்டாசு முன்னாடி அட்டையத் தூக்கிக் காட்டிட்டுதான் இருந்தாங்க. அவங்களும் போயிட்டா அந்தப் பிள்ளைக்கு அந்தத் துண்டு பிஸ்கட்டும் இல்லையே."