சாசேஜ் ஆலையில் ஒரு முதுகலைப் பயிற்சி

தெற்கு பல்கேரியாவின் ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள் ஸோர்னிட்சா. கடைசிப் பருவம் முழுக்க ஆலையில் வேலை, அதற்குத்தான் மதிப்பெண். ஊருக்கு வெளியே, இறைச்சியை அரைத்துக் குடலில் அடைக்கும் சாசேஜ் ஆலையில் அவளைச் சேர்த்துவிட்ட பேராசிரியர் வெல்செவ், அங்கே ஆய்வுக்கூடத்தில் இருப்பாய் என்றார்.

ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது. மேற்பார்வையாளர் கோஸ்தாதின் அவளிடம் ரப்பர் கையுறையைக் கொடுத்துப் பின்பக்கத்துக்கு அனுப்பினார். கடைகளிலிருந்து திரும்பி வந்த சாசேஜ்கள் அங்கே தொட்டி தொட்டியாகக் கிடந்தன. தொட்டால் சளிபோல விரலோடு நூலாக வந்தது. அதை வினிகர் தண்ணீரில் அலசி, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு மறுபடி அரைக்க வேண்டும். முதல் நாளே வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் முடியிலிருந்து அந்த வாடை போகவில்லை.

இதையா மறுபடி விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கோஸ்தாதின் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"ஸ்கூல் சாப்பாட்டுக்குப் போற சரக்கும்மா இது. பசிச்ச புள்ளைங்க மோந்து பாத்தா சாப்புடுது?"

அதற்குப் பிறகும் மதிப்பெண்ணை நினைத்து இரண்டு வாரம் அலசினாள். தன் கையைப் பார்த்தாலே குமட்டியபோதுதான் வெல்செவிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மேசைக்கடியில் அந்த ஆலையின் பெயர் போட்ட பரிசுக்கூடை இருந்தது.

"அவங்க கோவிச்சுக்கிட்டா அடுத்த வருஷம் பசங்கள எங்க அனுப்புறது? கத்துக்கத்தானே போன. கத்துக்கிட்டு வா."

அவள் மறுநாள் ஆலைக்குப் போனது ஒரு பை நிறைய அந்தச் சாசேஜை அள்ளிக்கொண்டு வரத்தான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே சோதித்து, முடிவையும் பையையும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளிகளுக்குப் போன சரக்கை அதிகாரிகள் திரும்பப் பெறவைத்தார்கள். ஆலையை மூடி அபராதமும் போட்டார்கள். கொஞ்ச நாளில் ஆலைக்காரர்கள் அதைக் கட்டிவிட்டுத் திறந்துகொண்டார்கள்.

பயிற்சியைப் பாதியில் விட்டவள் என்று வெல்செவ் அவளுக்குத் தேர்ச்சி தரவில்லை. அடுத்த வருடம் ஒரு சிறிய தயிர்ப் பண்ணையில் பயிற்சியைத் திரும்பச் செய்து தேறினாள். அங்கேயே வேலையும் கிடைத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் அதே சாசேஜ் ஆலைக்கு இல்லியானா என்ற மாணவி போகிறாள் என்று கேள்விப்பட்டு, ஸோர்னிட்சா போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றாள் இல்லியானா. "நல்ல மார்க் போடுறாங்களே."