மேர்சி லைன் திருத்திய கதை

எங்கள் ஊரில் விடைபெறும்போது ஒருவரும் "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வந்தவர்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் படியிறங்குவார். வெளிநாட்டுக்குப் போன எங்கள் சனம் இந்த மரியாதையைப் போனுக்கும் கொண்டுபோய்விட்டது. கதை போதும், அலுத்துவிட்டது, படுக்க வேண்டும் என்று அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். "லைன் விட்டு விட்டு வருது, பிறகு எடுக்கிறன்" என்பார்கள். ஊர்காவற்றுறையில் வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளுக்கெல்லாம் இது தெரிந்த விஷயம்தான். நாங்களும் "ஓமோம், வையுங்கோ" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

இதை உண்மையென்று நம்பிய ஒரே மனுசி என் பக்கத்து வளவு மேர்சி.

மேர்சி தையல்காரி. வயது ஐம்பத்திரண்டு, கலியாணம் கட்டவில்லை. கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூட யூனிபோம், கலியாண வீட்டுச் சட்டை எல்லாம் அவள் கைதான். கத்தரிக்கோல் பிடித்தால் ஒரு நூல் பிசகாது. பிடிவாதத்திலும் அப்படித்தான். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான், நாலாவது காலைக் கொண்டுவந்து காட்டினாலும் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அவளுக்கென்று இருப்பது ஒரு தங்கைதான். பெயர் அன்ரனிட்டா. தாய் சாகும்போது அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. மேர்சியே அப்போது சின்னப் பெட்டை. தகப்பனும் கடலோடு போன பிறகு இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுக்கத் தங்கையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு பிரான்சில் இருந்த ஒரு நல்ல பெடியனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தாள். கலியாணச் சட்டையையும் மேர்சிதான் தைத்தாள். அந்தச் சட்டையின் கழுத்தைப் பற்றி இப்போதும் ஊரில் கதைப்பார்கள்.

தொடக்கத்தில் அன்ரனிட்டா எடுத்தால் வைக்கவே மாட்டாள். மேர்சி மீன் வெட்டி, கழுவி, குழம்பு வைத்து இறக்கும்வரை கதை நடக்கும். கோயிலில் சுவாமி என்ன பிரசங்கம் வைத்தார், எந்த நாய் குட்டி போட்டது என்பது வரைக்கும் கேட்பாள். பிறகு பிள்ளைகள் வந்தார்கள், வேலை வந்தது, பிள்ளைகள் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கோல். சுகமோ, சாப்பிட்டீங்களோ, மழையோ என்று நாலு கேள்வி. அதற்குள் லைன் விட்டு விட்டு வந்துவிடும்.

மேர்சியோ ஞாயிறுக்கென்று கிழமை முழுக்கக் கதை சேர்ப்பாள். யாருடைய ஆடு யாருடைய வேலிக்குள் போனது, நன்மைச் சட்டைக்கு அளவு கொடுத்த பிள்ளை ஒரு மாதத்தில் எப்படிப் பெருத்தது என்று ஒவ்வொன்றையும் மனதில் மடித்து வைத்திருப்பாள். கோல் முடிந்ததும் மிச்சக் கதையெல்லாம் வேலிக்கு மேலால் எனக்கு வரும். எனக்கு அது பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். என் வீட்டில் மனுசன் யாக்கோப்பு, மூன்று பிள்ளைகள், அவர்களின் சண்டை, கரையிலிருந்து வருகிற போகிற ஆட்கள். இரண்டு நிமிடம் வாய் மூடி இருக்க ஏங்குகிற ஆள் நான். அவள் வீட்டிலோ மெஷின் நின்றால் ஒரு சத்தமும் இல்லை. இரவில் அவள் குசினி விளக்கை அணைக்கும் சத்தம் என் அறைக்குக் கேட்கும்.

லைன்தான் குற்றவாளி என்று முடிவெடுத்த பிறகு மேர்சி சும்மா இருக்கவில்லை. ரவுட்டர் என்ற அந்த வெள்ளைப் பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து யன்னலுக்கு மாற்றினாள். யன்னலிலிருந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். சிம்மை மாற்றினாள். வாசலில் நின்ற வேப்பமரத்துக் கொப்புகளை ஆள் பிடித்து வெட்டுவித்தாள். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்ற கணக்கில் பெட்டிக்குச் சாடையாகத் தீர்த்தமும் தெளித்தாள். அதை நான் கண்ணால் கண்டேன். "கரண்டிலை தண்ணி படுது, செத்துப் போவீர்" என்று கத்தினேன். "இது தண்ணியில்லை, தீர்த்தம்" என்றாள்.

லைனில் பிழை இருக்கிறது என்பதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. சட்டை மாதிரிகள் பார்க்க அவள் இன்டர்நெட்டுக்குப் போனால் பக்கம் திறக்காது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். காரைநகரிலிருந்து 'பாதை' என்கிற மிதவையில் கடல் கடந்து வருகிற பெண்கள் "அக்கா, திரும்பிப் போற பாதை வெளிக்கிடப் போகுது" என்று சுடுகுது மடியைப் பிடி என்று நிற்பார்கள். வட்டம் அப்போதும் சுற்றும். "பாத்தீரோ? சட்டைக் கையைப் பாக்கவே இந்தப் பாடெண்டால், என்ரை தங்கச்சி பிரான்சிலை இருந்து எப்பிடிக் கதைக்கிறது?" என்று என்னிடம் கேட்பாள்.

ஒருநாள் நிருபன் என்கிற மனிதர் களிசான் கால் கட்டையாக்க வந்தார். பட்டினத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். நானும் அப்போது பொத்தான் வாங்க மேர்சியிடம் போயிருந்தேன். மேர்சி அவருக்கு அளவெடுத்தபடியே லைனின் கதை முழுவதையும் சொன்னாள். அவர் தன் போனில் எதையோ அழுத்திப் பார்த்தார்.

"லைன் நல்லாத்தான் கிடக்குது அக்கா. ஒரு பிழையும் இல்லை."

"பிறகேன் தம்பி பக்கம் திறக்குதில்லை?"

"அது வேறை. நீங்கள் ஒரு பக்கத்தின்ரை பேரை அடிச்சால், அது எங்கை இருக்கெண்டு உங்கட பெட்டி முதல்லை ஒரு இடத்திலை விசாரிக்கும். அதைத்தான் டிஎன்எஸ் எண்டு சொல்லுறது. சந்தியிலை நிக்கிற ஆளிட்டை வழி கேக்கிறமாதிரி எண்டு வையுங்கோவன். உங்கட ஆள் ஆறுதலா யோசிச்சுச் சொல்லுறார். ஆளை மாத்தினால் கெதியாச் சொல்லுவார். காசு இல்லை, நாலு இலக்கம் மாத்திற வேலைதான்."

"அப்ப கோலும் நல்லா வரும்?"

நிருபன் என்னைப் பார்த்தார். நான் பொத்தானைப் பார்த்தேன்.

"கோலுக்கு இதாலை பெரிசா ஒண்டும் வராது அக்கா. வழி கேட்டு முடிஞ்சால் பிறகு போற றோட்டு அதே றோட்டுத்தானே. கோல் இப்பவே நல்லாத்தான் வரவேணும்" என்றார்.

மேர்சிக்கு இதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றைக்கே தமிழில் ஒருவர் விளக்கம் சொல்லும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அந்த மனிதர் முதலில் சொன்ன இலக்கம் எட்டு எட்டு எட்டு எட்டு. மேர்சி உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நாலு எட்டோ? ஆரும் செத்தால் ஒரு வீட்டிலை ஒரு எட்டுச் செய்யவே சனம் படுற பாடு காணாதோ? செத்த வீட்டு இலக்கத்தை நான் என்ரை வீட்டுக்குள்ளை விடமாட்டன்."

"அது வெறும் இலக்கமப்பா."

"வெறும் இலக்கமெண்டால் நீர் உம்மட வீட்டிலை போடும்."

நல்லவேளையாக அந்த மனிதர் நாலு ஒன்றும் இருக்கிறது என்று சொன்னார். அதை அவள் துணி வெட்டும் மேசையில் தையல் சோக்கால் எழுதிவைத்துக்கொண்டாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். வீடியோவை நிறுத்தி, ஓடவிட்டு, திரும்ப நிறுத்தி, கொலர் தைக்கிற கவனத்தோடு ஒவ்வொன்றாக அடித்தாள். யாரையும் தொடவிடவில்லை.

நான் ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். நடந்தது. பக்கங்கள் தொட்டவுடன் திறந்தன. மேர்சி சட்டைக் கை பார்த்தாள், கழுத்துப் பார்த்தாள், கடல் காலநிலை பார்த்தாள், ரோமாபுரி பார்த்தாள். பிறகு அன்ரனிட்டா இருக்கும் ஊரைத் தேடினாள். அதன் தெரு, வெதுப்பகம், ரயில் நிலையம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. "இதாலைதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவாள் என்ன?" என்று ரயில் நிலையத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பல வருடங்களாகக் கண்டதில்லை. நிருபன் சொன்னதை ஞாபகப்படுத்துவோமா என்று யோசித்தேன். பிறகு என் வீட்டு அடுப்பைப் பார்க்க வந்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் என்னை வரச் சொன்னாள். "லைன் எப்பிடி எண்டு நீரும் வந்து பாரும்" என்றாள். தலை வாரி இழுத்து, கோயிலுக்குக் கட்டிய சீலையைக் கழற்றாமல் இருந்தாள். போனை நூற்கட்டைப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தாள். நான் கமராவுக்குத் தெரியாதபடி ஒரு ஓரமாகக் கதிரையில் இருந்தேன்.

அன்ரனிட்டா எடுத்தாள். படம் நல்ல தெளிவு. போன கிழமையும் இதே தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

"அக்கா, சாப்பிட்டீங்களோ?"

"ஓமடி, சாப்பிட்டனான். நீ?"

"இப்பதான். சுகமா இருக்கிறீங்களோ?"

"எனக்கென்ன. பிள்ளையள்?"

"நல்லா இருக்கினம். அங்கை மழையோ?"

"மழை இல்லை. இஞ்சை கேளன், அந்த நன்மைச் சட்டைக்கு அளவு தந்த பெட்டை எல்லோ…"

"ஓம் ஓம்" என்றாள் அன்ரனிட்டா. அவள் கண் திரையை விட்டுப் பக்கத்தில் எங்கோ போனது. களைத்த முகம். அவள் கெட்ட பிள்ளை இல்லை. சின்ன வயதில் என் மடியிலும் படுத்துக் கிடந்தவள்தான். ஆனால் அந்த நன்மைச் சட்டையும் பெட்டையும் அவளுக்கு இனி யாரோ. "அக்கா, லைன் விட்டு விட்டு வருது. நான் பிறகு…"

"இல்லையடி!" மேர்சிக்கு முகம் பூரித்துவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தாள். "நான் லைன் திருத்திப்போட்டன். டிஎன்எஸ் மாத்தினனான், நானே மாத்தினனான். இப்ப நல்லாக் கேக்குது. உனக்குப் பின்னாலை ஆரோ கோப்பை கழுவுற சத்தம்கூடக் கேக்குது."

அன்ரனிட்டா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். கோப்பை கழுவும் சத்தம் எனக்கும் கேட்டது.

"அப்பிடியோ" என்றாள் கடைசியில். "நல்லது. சொல்லுங்கோ அக்கா."

மேர்சி சொல்லத் தொடங்கினாள். வேலிக்கு மேலால் எனக்குச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இப்போது அது வாயை விட்டு வரும்போதே காய்ந்துபோய் வந்தது. பிரசங்கம் நீண்டால் எங்கள் சனம் கோயிலில் இருக்கிற இருப்பில் அன்ரனிட்டா இருந்தாள். தலையாட்ட வேண்டிய இடத்தில் தலையாட்டினாள். அக்கா மனம் நோகக்கூடாதென்று சிரிக்கவும் செய்தாள்.

கதை பாதியில் நின்றுவிட்டது. மேர்சி மடைச்சி இல்லை. தங்கையின் முகத்தை, அளவெடுக்கிறவள் பார்க்கிறமாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல் இருந்தது. போனை வைக்கத் தங்கைக்கிருந்த இந்த ஒரு சாட்டையும் இல்லாமல் செய்துவிட்டால் அடுத்த ஞாயிறு போன் வருமோ என்று மேர்சி பயந்தது அவள் கையில் தெரிந்தது. மடியில் கிடந்த சீலைத் தலைப்பை அந்தக் கை முறுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் போனுக்குக் கிட்டக் குனிந்து, காது கேளாதவளிடம் கதைப்பதுபோல் சத்தமாகச் சொன்னாள்.

"தங்கச்சி? கேக்குதோ? இப்ப எனக்கும் விட்டு விட்டுத்தான் வருது. திருத்தினது சரிவரேல்லைப் போலை. நீ வை பிள்ளை, வாற ஞாயிறு எடு."

"அதுதானே அக்கா, நான் சொன்னனானெல்லோ" என்றாள் அன்ரனிட்டா. அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதி, ஒரு புள்ளிகூட மங்காமல், மேர்சிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.