கஸ்பாரும் கிளச் இல்லாத காரும்

எங்க வீட்டுக்காரர் பேரு கஸ்பார். தங்கமான மனுசன்னு நாமகிரிப்பேட்டையில எல்லாரும் சொல்லுவாங்க. சொல்றவங்களுக்கு என்ன, அவங்களா அவரோட குடித்தனம் பண்ணினாங்க? கார் கியர்பாக்ஸுக்குள்ள ஒரு குச்சியை விட்டு எடுத்து, ஆயில் சொட்டச் சொட்ட என் மூக்குக்கு நேரா நீட்டி, "வேளாங்கண்ணி, கருகல் வாசம் வருதா பாரு"ன்னு காலங்கார்த்தால கேக்கற ஆளோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் மூக்குல அடுப்புப் புகையைத் தவிர வேற எது ஏறும்? "வரலை, போங்க"ன்னு சொன்னா நம்ப மாட்டார். நான் பூசைக்குப் போட்டுட்டுப் போற வெள்ளை முக்காட்டுல அந்தக் குச்சியைத் துடைச்சு, ஆயில் சிவப்பு மாறாம இருக்குதான்னு வெயிலுல புடிச்சுப் பாப்பார். வீட்டுல கந்தல் துணிக்கா பஞ்சம்? வெள்ளைத் துணியிலதான் நிறம் தெரியுமாம்! ஞாயித்துக்கிழமை நான் தலையில எதைப் போட்டுட்டுச் சாமியார் கையால நன்மை வாங்கப் போறதுன்னு அந்த மனுசனுக்கு ஒரு கவலையும் கிடையாது.

நாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரங்க. கல்யாணமான புதுசுல இவரு லாரி ஓட்டிட்டிருந்தார். தொப்பூர் எறக்கத்துல ஒரு நாள் லாரி கவுந்து, இடது முட்டி நொறுங்கிப் போச்சு. உசிரு தப்பினது மாதா புண்ணியம். ஆனா கால் அதுக்கப்புறம் மடங்கலை, நீட்டினது நீட்டினபடி நின்னுருச்சு. லாரியோ காரோ எதுவானாலும் இடது கால்லதான் கிளச்சை மிதிக்கணும். கிளச் மிதிக்க முடியாத டிரைவரை யாரு கூப்பிடுவாங்க? ஒரு மளிகைக் கடைக்காரர் பரிதாபப்பட்டு மொளகாய்க்குக் காம்பு கிள்ற வேலை குடுத்தார். பொம்பளைங்களோட வரிசையில காலை நீட்டி உக்காந்து கிள்ளுவார். தெருவுல லாரி போனா மட்டும் கை நின்னுரும். அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும்.

அப்பத்தான் நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டி முதலாளி செங்கோட்டையன் ஒரு அமெரிக்கக் கார் வாங்கினார். ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருந்த துரை ஒருத்தன் சீமைக்குத் திரும்பறப்ப வித்துட்டுப் போனது. அதுல கிளச்சே கிடையாது, கியர் தானா மாறும். ஓட்ட வந்த டிரைவர் அத்தனை பேருக்கும் இடது கால் பழக்க தோசத்துல கிளச்சைத் தேடும். தேடினா அந்த எடத்துல அகலமா பிரேக்குதான் இருக்கும். ஓங்கி ஒரு மிதி! முதலாளி நெத்தி முன்சீட்டுல போய் மோதும். நெத்தி வீக்கம் வடியவே இல்லை. முதலாளிக்கும் முதலாளியம்மாவுக்கும் வீட்டுல அடிதடின்னு மண்டியில பேசிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா பாருங்க!

எங்க கோயில் உபதேசியார் காதுல இந்தச் சேதி விழுந்து, இவரைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினார். இவரோட இடது கால்தான் ஓரமா நீட்டிட்டுக் கிடக்குமே, அது எங்க போய் எதை மிதிக்கும்? முதலாளி ராசிபுரம் வரைக்கும் போயிட்டு நெத்தி நோகாமத் திரும்பினார். அன்னிக்கே வேலை, குடியிருக்க மண்டிக்குப் பின்னால ஒரு வீடு. மனுசன் மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்சார்.

சும்மா இருப்பாரா முதலாளி? டிக்கி நிறைய மஞ்சள் மூட்டையை அடைச்சு ஏற்காடு மலை ஏறச் சொன்னார். பாதி மலையில கியர்பாக்ஸ் புகைஞ்சு நின்னுருச்சு. கார் லாரியில ஏறி மெட்ராசு போச்சு. அங்க பிரிச்சு, உள்ள கருகினதை எல்லாம் மாத்திக் கட்டி அனுப்பறதுக்குள்ள இவரு திரும்பவும் மொளகாய்க் காம்புக்கே போயிட்டார். கார் வந்த அன்னிக்கு முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டார்: "கஸ்பாரு, இன்னொருக்கா இது மக்கர் பண்ணுச்சுன்னா தள்ளி உட்டுட்டு, ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற மாதிரி கிளச் வெச்ச காரா வாங்கிப் போடுவேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான். அன்னியிலிருந்து பச்ச ஒடம்புக்காரிக்குப் பத்தியம் பாக்கற மாதிரி இவரு அந்தக் கியர் பொட்டிக்குப் பாத்தார். மெட்ராசு மெக்கானிக் சொல்லி அனுப்பினது அத்தனையும் இவருக்கு வேத வாக்கு. கிளப்பின உடனே நகத்தக் கூடாது, சூடு ஏறணும். அதுக்கு ஜெபமாலையில பத்து மணி உருட்டுவார். முன்னால போற வண்டியைப் பின்னால எடுக்கணும்னா, சுத்தமா நின்னப்புறம்தான் கியரைத் தொடணும். அதுக்கு மாதாவுக்குச் சொல்ற பிரியதத்த மந்திரம் ஒண்ணு. முதலாளி முருக பக்தர், நெத்தி நிறைய திருநீறு. அவரு பின்சீட்டுல உக்காந்துட்டு, "மரியே ஆச்சா? ஆமென் போட்டாச்சா? எடு போலாம்"னு கேக்கறதை நானே என் காதால கேட்டிருக்கேன்.

பாரம் ஏத்தக் கூடாதாம். முதலாளியோட அக்கா பழனியம்மாள் மக வீட்டுக்குச் சீரா ஆட்டுக்கல்லை டிக்கியில வெச்சா, இவரு எறக்கி ஓரமா வெச்சுட்டார். அந்தம்மா நாக்கு எனக்கு மேல. "காருன்னா கல்லு ஏத்தாம, பூவா ஏத்துவாங்க?"ன்னு வெளாசிட்டாங்க. இவரு தலையைக் குனிஞ்சுட்டு நின்னாரே தவிர, கல்லு மாட்டு வண்டியிலதான் போச்சு. வீட்டுல வந்து நானும் என் பங்குக்கு ஏசினேன். "அந்தப் பொட்டியையே கட்டியிருக்கலாம் நீங்க"ன்னேன். அதுக்கும் சிரிப்புதான்.

சீனாக்காரன் சண்டைக்கு அடுத்த வருசம் முதலாளி மகன் குழந்தைவேலுக்குக் கல்யாணம். பொண்ணு ஊர் போதமலை அடிவாரம். பொண்ணோட அப்பா கருப்பண்ணன், கிணறு வெட்டற கான்ட்ராக்டு, மாடு கன்னுன்னு வசதியான மனுசர். விடிகாலையில பொறப்பட்டோம். காருல மாப்பிள்ளை, முதலாளி, பழனியம்மாள். பின்னால மாட்டு வண்டியில சீர்த்தட்டோட நான்.

மலையில மழை பேஞ்சு ஓடையில தண்ணி போயிட்டிருந்துச்சு. கார் நடு ஓடைக்குப் போறதுக்கும், எஞ்சினுக்குள்ள தண்ணி அடிச்சு அது அணைஞ்சு போறதுக்கும் சரியா இருந்துச்சு. எறங்கி நடங்கன்னு இவரு சொன்னா, "பொறப்பட்ட மாப்பிள்ளை பொண்ணூடு சேர்றதுக்குள்ள காலைக் கீழ வெச்சா வெளங்குமா?"ன்னு பழனியம்மாள் கதவை அடைச்சுப் புடிச்சுக்கிட்டாங்க. முகூர்த்தத்துக்கோ நேரமாகுது. ஊர் ரெண்டு மைல்.

அதுக்குள்ள சேதி போயி, கருப்பண்ணனே பத்து முப்பது ஆளோட ஓடி வந்துட்டார். கொம்புக்குப் பூச்சுத்தின ஒரு சோடி காளை, கையில வடக்கயிறு. "சம்மந்தி ஊட்டுக் காரு ஓடையில நிக்கறதாவது! பூட்டுங்கடா மாட்டை!"

எங்க வீட்டுக்காரர் தண்ணியில குதிச்சுட்டார். "வேண்டாமுங்க! கட்டி இழுக்காதீங்க! எஞ்சின் ஓடினாத்தான் பொட்டிக்குள்ள ஆயில் சுத்துமுங்க. எஞ்சின் நின்னு பின்சக்கரம் மட்டும் உருண்டா உள்ள எல்லாம் காஞ்சு கருகிப் போயிருமுங்க!"

யாருக்குப் புரியும்? கருப்பண்ணன் மொகம் சிவந்து போச்சு. "ஏனுங்க டிரைவரு, எங்க மாட்டுக்கு என்ன கொறைச்சல்? உங்க காரை இழுக்கற யோக்கிதை அதுக்கு இல்லீங்களா?" காளைக்காரன் ஒருத்தன் கயித்தைத் தூக்கிப் போட்டுட்டு, "இப்படி ஒரு பேச்சை எம்மாடு கேட்டதில்லைங்க"ன்னு கண்ணைத் தொடைச்சான்.

முதலாளி கண்ணாடியை எறக்கிக் கத்தினார். "கஸ்பாரு! சம்மந்தி முன்னால என் மானத்தை வாங்கறியா? ஒண்ணு கயித்தைக் கட்ட உடு, இல்லைன்னா இப்பவே சாவியைக் குடுத்துட்டுப் போயிரு!"

இயேசு மரி சூசை! கட்ட விட்டா பொட்டி போச்சு, அதோட வேலையும் போச்சு. கட்ட விடலைன்னா வேலை இப்பவே போச்சு. நான் சீர்த்தட்டை வண்டியில போட்டுட்டுத் தண்ணியில எறங்கினேன்.

அதுக்குள்ள இவரு பின்சக்கரத்துக்கு முன்னால போய், நீட்டின காலோட அந்த ஓடைத் தண்ணியில உக்காந்துட்டார். இடுப்புக்கு மேல தண்ணி. அழுதுட்டே சொன்னார்: "என் மேல ஏத்தி இழுங்க. முதலாளி, கிளச் இல்லாத காரு இந்தச் சில்லாவுலயே இது ஒண்ணுதானுங்க. இது போச்சுன்னா நான் ஓட்டறதுக்கு உலகத்துல வண்டியே இல்லீங்க. நீங்க எல்லாம் இதைப் பொட்டின்னு நெனைக்கறீங்க. இது என் இடது காலுங்க."

பழனியம்மாளே கழுத்தை வெளிய நீட்டி எட்டிப் பாத்தாங்க. கருப்பண்ணன் இவரோட காலையே பாத்துட்டு நின்னார். அப்பறம் ஆளுங்க பக்கம் திரும்பினார். "ஏண்டா, காலு ஒடிஞ்ச மாட்டை நடத்தியா கூட்டியாருவோம்? வண்டியில ஏத்தித்தான கொண்டாருவோம்? கிணத்துக் கல்லு ஏத்தற கட்டை வண்டியை ஓட்டியாங்கடா! பின்சக்கரம் நெலத்துல படாமத் தூக்கி வெய்யுங்க. எந்திரிங்க சாமி, காலு நனையுது."

அவரே கையைப் புடிச்சுத் தூக்கி விட்டார். அத்தனை பேரும் தோள் குடுத்து, மாப்பிள்ளையையும் பழனியம்மாளையும் சேத்துக் காரோட பின்பக்கத்தைத் தூக்கி அந்தத் தாழ்வான வண்டி மேல வெச்சுக் கட்டினாங்க. "முருகா"ன்னு முதலாளி, "மாதாவே"ன்னு நான், "அய்யோ என் சீலை"ன்னு பழனியம்மாள்.

காளையைப் பூட்டி வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினாங்க. ஆனா பாருங்க, பின்பக்கம் வண்டியில இருந்தா கார் பின்பக்கமாத்தான போகும்? ரெண்டு மைலும் மாப்பிள்ளை வந்த வழியையே பாத்துட்டுப் போனான். எங்க வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பிட்டு ஸ்டீயரிங் புடிச்சார். ஊர் எல்லையில ஆரத்தித் தட்டோட நின்ன பொம்பளைங்க முன்னால வந்து பாத்தா டிக்கி நிக்குது. சுத்திட்டு ஓடினாங்க. நாதசுரக்காரர் காருக்கு எந்தப் பக்கம் முன்பக்கம்னு தெரியாம ஊதறதை நிறுத்திட்டார். "மாப்பிள்ளை வாராரா, போறாரா?"ன்னு பொண்ணோட சித்தி ஒருத்தி கேட்டதுக்கு ஊரே சிரிச்சுது. முதலாளி மட்டும் சிரிக்கலை.

தாலி கட்டி முடிஞ்சுது. இவரு எஞ்சினைத் துணியால தொடைச்சுக் காய வெச்சுக் கிளப்பினதும், ஒரே கிளப்புல கெளம்பிருச்சு. குச்சியை எடுத்து மோந்து பாத்தார். கருகல் வாசம் இல்லை. அப்ப முதலாளி வந்து நின்னார். சாவியைக் கேக்கப் போறார்னு நெனைச்சு இவரே கழட்டி நீட்டினார்.

"வெச்சுக்க," அப்படின்னார் முதலாளி. "சம்மந்தி ஊரே தோள் குடுத்துத் தூக்கின காரை நான் இனி எப்படியய்யா விக்கறது? வித்தேன்னா அவங்க மூஞ்சியில முழிக்க முடியுமா? கருப்பண்ணன் வேற, 'காலு எப்படி இருக்குது'ன்னு நான் வரப்பல்லாம் கேப்பேங்கறார். மக்கர் பண்ணினா எத்தனை தடவை ஆனாலும் மெட்ராசுக்கு அனுப்பு. போ, போய்ச் சாப்பிடு."

நான் பந்தியில உக்காந்து பாயசத்துல கை வெச்சிருந்தேன். இவரு ஈரத் துணியோட வந்து நின்னு இதைச் சொன்னார். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினார். கீழ உக்காந்தா கால் நீட்டிக்கணுமே, எடம் இல்லைன்னு சுத்தி முத்தியும் பாத்தார். எதிர்ல காளைக்காரனும் அவன் பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் இலையைத் தூக்கிட்டு நகர்ந்து, இவரு காலை நீட்டறதுக்கு எடம் விட்டாங்க.