நாங்கள் மூடிவிட்ட ஹோட்டல்

திருவானைக்காவலில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலை நடத்துகிற அக்கா, இன்று காலை இட்லியோடு தன் போனையும் நீட்டினார்.

"தம்பி, உங்க கம்பெனி மேப்புல என் கடையை நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கு. கோயிலுக்கு வர்ற வெளியூர்க்காரங்க இங்க வர்றதே இல்ல. கொஞ்சம் மாத்தி விடுங்களேன்."

ஆறு வருடமாக அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மேப் டீமில் ஒருவரையும் தெரியாது. எல்லோரையும் போல என்னாலும் புகார்தான் போட முடிந்தது. ஆட்கள் சாப்பிடுவதைப் படமெடுத்து இணைத்தேன்.

மதியம் பதில் வந்தது: "கடை மூடப்பட்டுவிட்டதால் புகாரை முடித்துவைக்கிறோம்."

போனில் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அங்க நீங்க என்னதாங்க வேலை பாக்குறீங்க?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

பெரிய கம்பெனிகளில் இருப்பவர்களே, இதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?