ரெமெலினின் மூன்று சக்கர ஜிம்

பேரங்காடியின் மாடியில் இருந்த ஜிம்முக்குப் புதிதாக வந்த மேலாளர் அர்னெல், ரெமெலினைக் கூப்பிட்டு ஒரு சுவரொட்டியைக் காட்டினான். அங்கே வேலை செய்த பயிற்சியாளர்கள் எல்லோரும் அதில் வரிசையாக நின்றார்கள். அவள் மட்டும் இல்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்களுக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லல. ஆனா சேர வர்றவங்க மொதல்ல உங்களத்தான் பாக்குறாங்க. பாத்துட்டு அப்படியே எறங்கிப் போயிடுறாங்க."

"எறங்கிப் போனவங்க யாரு? ஒருத்தர் பேரு சொல்லுப்பா."

அவன் பின்கட்டில் துண்டு மடித்து வைக்கும் வேலை தருவதாகச் சொன்னான். ரெமெலின் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நேராக லா பாஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"லோர்னா, கித்தான் தைக்கிற ஊசி வச்சிருக்கியா?"

இளம் வயதில் எங்கள் மாகாணத்துக்காகப் பளு தூக்கியவள் ரெமெலின். இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு இடுப்பு பெருத்தது; தோளும் தொடையும் பழையபடியே இருந்தன. சமையல் வாயு உருளையை மாடிக்கு ஏற்ற ஆள் வராவிட்டால் எங்கள் தெருவில் அவளைத்தான் கூப்பிடுவோம். அவள் கணவன் கப்பல் வேலைக்குப் போகும் முன் ஓட்டிய டிரைசிக்கிள் வீட்டு முன்னால் சும்மா நின்றது. மோட்டார் சைக்கிளோடு பக்கத்தில் ஒரு பெட்டி இணைத்த வண்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு ஜிம்மை அடைத்து, வேண்டியவர் வாசலுக்கே கொண்டுபோவது என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டிருந்தாள்.

எடைத் தட்டுகளைக் காயலான் கடையில் பொறுக்கினோம். துருவைத் தேய்த்துக் கறுப்பு அடித்தோம். லாரி டியூபை நீளநீளமாக வெட்டி இழுக்கும் பட்டைகள் செய்தாள். மணல் மூட்டைகள் என் பொறுப்பு: உள்ளே அரிசிச் சாக்கு, வெளியே கித்தான், கைப்பிடிக்குப் பழைய கார் இருக்கையின் பெல்ட். முதல் மூட்டையை அவள் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தபோது தையல் பிரிந்து, ஒரு மணப்பெண்ணின் உடைமேல் ஆற்று மணல் கொட்டியது. அன்று முழுவதும் அந்த உடையை நான் உதறினேன். அவள் சிரித்தபடியே தரையைப் பெருக்கினாள்.

வெள்ளோட்டம் இன்னும் மோசம். எல்லாவற்றையும் பெட்டியின் பின்பக்கம் ஏற்றியிருந்தோம். பாலத்தின் ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நான் பெட்டிக்குள் இருந்து மாதாவைக் கூப்பிட்டேன்.

"மாதாவ அப்புறம் கூப்பிடுடி. மொதல்ல குதிச்சு முன்னால வந்து உக்காரு," என்றாள்.

அதன்பிறகு இரும்பையெல்லாம் இருக்கைக்குக் கீழே தாழ்வாக வைத்தோம். வண்டி நிதானப்பட்டது.

பெயர் எழுத இஸ்கோ வந்தார். ஜீப்புகளுக்குக் குதிரையும் கழுகும் வரைந்தே வயதானவர்.

"பக்கத்துல ஒரு ஒல்லிப் பொண்ணு போட்டுத் தர்றேன். பளிச்சுனு இருக்கும்."

"என்னை வரைங்க, மாமா."

"முகம் மட்டும்தான?"

"முழுசா. எடம் பத்தலேன்னா கதவுலயும் வரைங்க."

வரைந்தார். கம்பியைத் தலைக்குமேல் ஏந்தி, கால் அகட்டி, வயிறு முன்தள்ளி ரெமெலின் நின்றாள். கீழே, 'உங்க வாசலுக்கே வருவேன்' என்று சிவப்பெழுத்து. ஒரு பயமுறுத்தல் போலத்தான் இருந்தது. நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டையிலும் மார்பில் அதே சிவப்பெழுத்து; அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டியை ஓட்டினாள். டிரைசிக்கிள் நிறுத்தத்தில் நின்ற ஓட்டுநர்கள் விடுவார்களா?

"அக்கா, வண்டி கனமா, படம் கனமா?"

"தூக்கிப் பாத்துட்டு நீயே சொல்லுடா. மூச்சு மிச்சமிருந்தா."

முதலில் கூப்பிட்டவர் ஹாரோ பகுதியில் மதில் சூழ்ந்த குடியிருப்பில் தனியாக இருந்த ஹெர்மினியா டீச்சர். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் நடைச்சட்டத்தோடு நடந்தார். தேவாலயத்தில் பாடகர்கள் நிற்கும் மேல்மாடத்துக்கு ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவர் சம்மதம் கொடுத்த பிறகுதான் ரெமெலின் தொட்டாள். நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதுமாகத் தொடங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் குடியிருப்புச் சங்கத் தலைவி விலாசிஸ் அம்மாள் வண்டியை மறித்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் படத்துமேல ஒரு துணியப் போட்டுட்டு உள்ள வாங்க. பிள்ளைங்க விளையாடுற தெரு."

"பிள்ளைங்க பாத்தா என்னம்மா ஆகும்?"

"பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"உங்க கேட்டுக்கு எதிர்லயே ஒருத்தி உள்பாவாடையோட விளம்பரத்துல நிக்கிறா. அவளுக்கு யாரும் போர்வை போத்தலயே."

"நீங்களும் அவளும் ஒண்ணா?"

"இல்லம்மா. நான் நெசம்."

மறுநாள் முதல் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை.

படத்தை மூட நான் ஒரு தார்ப்பாய் தைத்துக் கொண்டுபோனேன். பொத்தான் வைத்தது, கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிடலாம், பிழைப்புதானே முக்கியம் என்றேன். ரெமெலின் அதைத் தடவிப் பார்த்தாள். நல்ல துணி என்றாள். பிறகு சாலைக்கு எதிர்ப்புறம், தூங்குமூஞ்சி மரத்தடியில், நெல் காயவைக்கும் சிமெண்டுத் தளத்தில் அதை விரித்தாள்.

"வேணுங்கறவங்க தாண்டி வரட்டும். இனிமே படுத்துச் செய்யறது எல்லாம் இதுமேலதான்."

யார் வருவார்கள் என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டின் சிறு கதவு திறந்தது. நடைச்சட்டம் முதலில் வந்தது, பின்னால் டீச்சர். காவலாளி கைகளை விரித்து நின்றான்.

"மேடம், தனியா வெளிய போகாதீங்க. சங்கத்துல திட்டுவாங்க."

"நீ எங்கிட்ட நாலாங்கிளாஸ்தான படிச்ச? அப்பவும் வாசல்லதான் நிப்ப. நகரு."

அவன் நகர்ந்ததோடு, ஓடிவந்து வாகனங்களை நிறுத்தி அவரைச் சாலை கடக்கவும் வைத்தான். மற்றவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். மீதிப்பேர் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்ததோடு சரி. அந்த வருத்தம் ரெமெலினுக்கு இருந்தது. அன்று பாச்சோய் கடையில் நூடுல்ஸ் சூப்புக் கிண்ணத்தைத் தொடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "துணி போட்டிருக்கலாமோ" என்று நான் இழுத்ததும் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

அர்னெலும் வந்தான். ஜிம்மே இப்போது வீடுதேடிப் போகும் பயிற்சி தொடங்குகிறதாம். ரெமெலின் திரும்பி வந்து அதை நடத்த வேண்டுமாம்; அவர்கள் சட்டை, அவர்கள் வண்டி.

"வண்டில யாரு படம் இருக்கும்?"

"அதெல்லாம் மேலிடம் முடிவு பண்ணும்க்கா."

"எனக்கும் ஒரு மேலிடம் இருக்கு. ஒத்துக்கமாட்டா," என்று கதவில் தீட்டியிருந்த தன் தொடையைத் தட்டிக் காட்டினாள்.

டீச்சர் மேல்மாடத்துப் படிகளில் பாதிவரை ஏறி, அங்கேயே உட்கார்ந்து பாடினார். மீதியைக் கிறிஸ்துமஸுக்குள் ஏறிவிடுவதாகப் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார்.

சங்கம் மரத்தடியில் 'வண்டி நிறுத்தக் கூடாது' என்று பலகை நட்டது. ரெமெலின் அடுத்த மரத்தடிக்கு நகர்ந்தாள். இப்போது மழைக்காலம், இஸ்கோ கொடுத்த பெரிய குடைகளின் கீழ் பயிற்சி நடக்கிறது. காலையில் விலாசிஸ் அம்மாளின் கார் கேட்டை விட்டு வெளியே வரும்போது வேகம் குறையும். அந்த நேரத்தில் ரெமெலின் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்கும்.