மருந்து தவறியவர்கள்

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலக கேண்டீனில் நான் போட்ட சண்டைகளில் பாதி ஆஸ்பத்திரிகளைப் பற்றியவை. கொல்கத்தாவின் பைபாஸ் ஓரமாகக் கண்ணாடி கண்ணாடியாகத் தனியார் மருத்துவமனைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. யாராவது அவற்றின் ஏசியையும் வழுவழுப்பான தரையையும் புகழ்ந்தால் எனக்குப் பொறுக்காது. அரசாங்க ஆஸ்பத்திரி அழுக்காக இருந்தால் அதைக் கழுவச் சொல்லிப் போராட வேண்டும், விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பேன். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை, தொழிற்சங்கத்தில் மகளிர் பிரிவு. கையெழுத்து வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சங்கச் செயலாளரே சொல்லுவார். அவர் வங்காளி. எல்லோரையும் போல நானும் அவரை தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் எனக்கு இருமல் வந்து ஒரு மாதமாகியும் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுடும். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனேன். என் கணவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தார். "உன் கொள்கையை அப்புறம் பாத்துக்கலாம், நல்ல டாக்டர்கிட்டப் போ" என்றார். நான் பிடிவாதமாக அரசாங்க மார்புநோய் கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்றேன். மூன்று முறை சளி எடுத்துப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள்.

பயந்தேன்தான். ஆனால் அன்று திரும்பி வரும்போது உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஆறு மாத மருந்தும் இலவசம். எனக்கென்று தனியாக ஓர் அட்டைப் பெட்டி, அதன் மேல் என் பெயர், உள்ளே முழுச் சிகிச்சைக்கான மாத்திரைகள். பாருங்கள், அரசாங்கம் என்றால் இதுதான் என்று கணவரிடம் பேசித் தீர்த்தேன்.

விதிகள் இரண்டு. முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள் டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மையத்துக்குப் போய், சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்க வேண்டும். இன்னொன்று, முகவரி உண்மைதானா என்று அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

"வாடகை வீடு, கீழே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு கொண்டுவந்து காட்டுகிறேன், வீட்டுக்கு வர வேண்டாம்" என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டியது சரி என்பதற்கா, அடுத்த ஆளை அனுப்பு என்பதற்கா என்று நான் யோசிக்கவில்லை.

மறு வாரமே பணியாளர் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, கையில் நீளமான ரிஜிஸ்டர். வீட்டு எண் கண்டுபிடிக்கத் தெரியாமல் சந்து முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டிருக்கிறாள், "டிபி வந்த மாத்ராஜி பௌதி வீடு எது?" என்று. அந்தச் சந்தில் மாத்ராஜி பௌதி, அதாவது மதராஸி அண்ணி, நான் ஒருத்திதான். அவர் இரண்டு வீடு தள்ளிக் கேட்டார், அந்த வீட்டம்மாள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பணியாளர் என் கதவைத் தட்டியபோது எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஏற்கெனவே படிக்கட்டின் கீழே வந்து நின்றிருந்தார்.

அவரை நான் பெரியம்மா முறையில் மாஷிமா என்று அழைப்பேன். லொக்கி பூஜை என்கிற லட்சுமி பூஜையன்று தேங்காய் உருண்டை பிடித்தால் முதல் தட்டு எங்களுக்கு வரும். அன்று மாலை அவர் படியேறாமல் கீழேயே நின்று பேசினார்.

"உன்னப் போகச் சொல்லலம்மா. சின்னக் குழந்தை இருக்கற வீடு. துணிய மட்டும் மொட்டமாடில அந்தப் பக்கமா காயப்போடு. அப்புறம், கீழ குழாய்க்கு வராத. நான் தண்ணிய மேல அனுப்பறேன்."

"மாஷிமா, மருந்து ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மூணு வாரத்துல ஒட்டாமப் போயிடும்னு டாக்டரே சொல்லிட்டார்."

"டாக்டர் சொல்லுவார். அவர் வீட்லயா நீ குடியிருக்க?"

எனக்கு மாஷிமா மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லாமல், தெரியக் கூடாததை மட்டும் சந்து முழுக்கச் சொல்லிவிட்டுப் போனவர்கள் மேல்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனாலும் மையத்துக்கு ஒழுங்காகப் போனேன். மாத்திரை விழுங்கினால் ஒரு மணி நேரம் குமட்டும். பெஞ்சில் உட்கார்ந்து சமாளித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். அதே பெஞ்சில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு பாலிகஞ்ச் பக்கம். அவளுக்கு அங்கேயே ஒரு மையம் இருந்தது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அத்தையின் முகவரியைக் கொடுத்து இங்கே பதிந்துகொண்டிருந்தாள். குளிர்காலத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அதுக்குள்ள மருந்து முடிஞ்சிடும் இல்ல பௌதி?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்பாள்.

ஒரு புதன்கிழமை பந்த். எங்கள் சங்கமும் சேர்ந்து அழைத்த பந்த்தான், முந்தின நாள் அலுவலக வாசலில் நடந்த கூட்டத்தில் நானே கோஷம் போட்டேன். என்றாலும் மருந்து நாளாயிற்றே என்று காலையில் நடந்தே மையத்துக்குப் போனேன். கதவில் பூட்டு. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். இருவரும் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை போனபோது மையத்தின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்தபடி, ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே 'மருந்து தவறியவர்கள்' என்று வங்காளத்தில் கொட்டை எழுத்து. கீழே பெயர், வயது, முகவரி. நான்காவது நான். ஆறாவது அவள். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் சினிமா போஸ்டர் படிப்பதுபோல அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதைக் கிழித்தேன். யோசித்துச் செய்த காரியமில்லை. பசை காய்ந்த இடங்களில் தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, நகத்தால் சுரண்டினேன். பணியாளர் பெண் உள்ளிருந்து ஓடிவந்தாள். என்னை அக்கா முறையில் திதி என்றுதான் கூப்பிடுவாள்.

"திதி, என்ன பண்றீங்க? அது கவர்மெண்ட் பேப்பர்!"

"பூட்டிட்டுப் போனது நீங்க. தவறினவ நானா?"

"எழுதி ஒட்டச் சொன்னாங்க. ஒட்டினேன். எனக்கென்ன, ஆசையா?"

"யார் சொன்னாங்க?"

அவள் மேலே கையைக் காட்டினாள். மேலே மின்கம்பிதான் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி மனு எழுதிக் கையெழுத்து வாங்குவது. அன்றே எழுதினேன். நோயாளிகளின் பெயரைச் சுவரில் ஒட்டக் கூடாது, வீடு தேடி வரும்போது அக்கம்பக்கத்தில் நோயைச் சொல்லிக் கேட்கக் கூடாது. இரண்டே கோரிக்கைகள். திங்கட்கிழமை பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு வாத்தியார் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பெண் முழுவதையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, இதுவும் ஒரு லிஸ்ட்தானே பௌதி?"

இத்தனை வருடச் சங்க வாழ்க்கையில் இப்படி ஒரு மறுப்பை நான் கேட்டதில்லை. என் பெயரை மட்டும் போட்டு, மையத்தின் பொறுப்பு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவரும் ஒரு டாக்டர். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"ஒருத்தர் மருந்த நடுவுல விட்டா ஊருக்கே ஆபத்து. பொது நலன்னு ஒண்ணு இருக்கு. நீங்க யூனியன்ல இருக்கறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. நானே மேடைகளில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை.

"ஊரக் காப்பாத்த என் பதிவு நம்பர் போதாதா டாக்டர்? பேரும் வீட்டு விலாசமும் டீக்கடைக்காரருக்கு எதுக்கு?"

"அவமானம் வந்தாத்தான் ஜனங்க ஒழுங்கா வருவாங்க" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சங்கூடச் சங்கடம் தெரியவில்லை.

மனுவுக்குப் பதில் எனக்கு வரவில்லை. என் அலுவலகத் தலைவருக்குப் போயிற்று. நான் அரசு ஊழியர் என்பது பதிவு அட்டையில் இருந்தது அல்லவா? 'காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் தங்கள் ஊழியர் அரசு ஆவணத்தைக் கிழித்தது குறித்து' என்று பொருள் வரியிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். தபால் பிரிவில் உறையைப் பிரித்து, பொருளை ரிஜிஸ்டரில் ஏற்றி, மூன்று மேசைகள் தாண்டி அது மேலே போவதற்குள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதுவரை ஆபீஸில் மூச்சுக்குழல் அழற்சி என்று சொல்லிவைத்திருந்தேன். என் புளியோதரைக்கு எப்போதும் நான்கு கைகள் நீளும். அன்று டப்பாவை நான் மட்டும் காலி செய்தேன். செக்‌ஷன் ஆபீசர் என் மேசைக்கு வராமல் தூரத்திலிருந்தே, "கொஞ்ச நாள் லீவுல இருங்களேன், உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

என் நோயை வெளியே சொல்லாதீர்கள் என்று நான் எழுதியதற்கு வந்த கடிதமே அதை வெளியே சொல்லிவிட்டது. அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தாதாவிடம் போனேன். இருபது வருடம் எங்களுக்காக அதிகாரிகளோடு மோதியவர். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"நாம ஓட்டுப் போட்டு வச்ச கவர்மெண்ட் நடத்தற சென்டர். அதப் பத்தி நாமே கூச்சல் போட்டா யாருக்கு லாபம்? அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்காரனுக்குத்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நம்ம கவர்மெண்ட்டுன்னா என்ன வேணா பண்ணலாமா தாதா?"

"அப்படிச் சொல்லல. இப்ப நேரம் சரியில்ல."

நேரம் எப்போது சரியாகும் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். அடுத்த பொதுக்குழுவில் ஆஸ்பத்திரிகளைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தீர்மானம் வந்தது. நானும் கை தூக்கினேன், இன்றும் தூக்குவேன். அதோடு நோயாளிகளின் ரகசியம் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வழிமொழிய ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. என் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

பட்டியல் மறுபடி சுவரில் வரவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை. ஆனால் வர வேண்டிய சேதம் வந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் மையத்துக்கு வருவதை நிறுத்தினாள். டாக்குரியாவில் இருந்த மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் அந்தத் தாளைப் படித்திருக்கிறார். நிச்சயதார்த்தம் முறிந்தது. வீட்டார் அவளைச் சாந்த்ராகாச்சியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்து பாதியில் நின்றது. யாரும் மருந்தை விடக் கூடாது என்று ஒட்டிய தாள் ஒருத்தியை மருந்திலிருந்தே விரட்டிவிட்டது.

இதை என்னிடம் சொன்னவள் அந்தப் பணியாளர்தான். தாள் கிழிந்ததற்கு அவளிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் தினம் சாந்த்ராகாச்சிக்குத்தான் போறார். அவ விலாசத்தக் கொடு, நான் போய்ப் பாக்கறேன்."

அவள் ரிஜிஸ்டரைத் திறந்தாள். திறந்தவள் மூடிவிட்டாள்.

"அவகிட்டக் கேக்காம எப்படித் தர்றது திதி? கேட்டுட்டுச் சொல்றேன்."

இத்தனை மாதத்தில் அந்த மையத்தில் யாரும் சொல்லாத வாக்கியம். சொந்தச் செலவில் பஸ் ஏறி, ரயில் ஏறி, பழைய ஸ்நேகிதி என்று சொல்லிக்கொண்டு அவள் அங்கே போய்வந்தாள். ஒரு வாரம் கழித்து, "வரச் சொன்னா" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். நோயாளியின் வீட்டார் அல்லாத நம்பகமான ஆள் யாராவது மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறதாம்.

"இருக்கா? அப்ப ஏன் எங்க யார்கிட்டயும் சொல்லல?"

"எங்க ட்ரெய்னிங்ல ஒரு நாள் சொன்னாங்க. அப்புறம் யாரும் பேசல" என்றாள்.

பெட்டியில் அவளுக்கு மீதமிருந்த மருந்தை, டாக்டர் மறுபடி பார்த்து நீட்டித்துக் கொடுத்ததையும் சேர்த்து, ஞாயிறுதோறும் நான் கொண்டுபோனேன். மாமா வீட்டில் என்னை எம்பிராய்டரி டீச்சர் என்று சொல்லிவைத்திருந்தாள். எனக்குப் பட்டன்கூட நேராகத் தைக்க வராது. யார்டில் எஞ்சின்கள் கத்தும் சத்தத்துக்கு நடுவே, வளையத்தில் மாட்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்குவாள். காலி அட்டையை நான் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். உயிர் காக்கிற மருந்தை ஒரு பெண் சாப்பிட இவ்வளவு பொய் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

எனக்கு முதலில் குணமானது. அவளுக்குச் சில மாதங்கள் கழித்து. ஆபீஸில் எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுத்துக் கோப்பை மூடினார்கள். அது என் சர்வீஸ் ரெக்கார்டில் கடைசிவரை இருந்தது. மாஷிமா வீட்டிலிருந்து நாங்களாகவே காலி செய்தோம். நான் இப்போதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். ஆனால் எந்த ஃபாரத்தை நீட்டினாலும் இதை யார் படிப்பார்கள் என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

மூன்று நான்கு வருடம் கழித்து, பூஜைக்கு முந்தைய நெரிசலில், ஒரு வளையல் கடையில் அவளைப் பார்த்தேன். கூட ஒருவர், கைக்குழந்தையோடு. கன்னமெல்லாம் பூசியிருந்தது. என்னை ஒரு கணம் பார்த்தாள். கண்ணில் அடையாளம் தெரிந்தது. பிறகு, தெரியாதவளைப் பார்த்துவிட்டதுபோல, வளையல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் நிற்காமல் நடந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் வளையல் வாங்காமலே வந்துவிட்டது தெரிந்தது.