வாய்க்கால் (பொறுப்பு)

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அடுத்தவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவன் சொந்த டிராக்டர் வாங்கினேன். கூலிக்கு நடவு போன குடும்பத்தில் முதல்முதலாக நிலம் வாங்கியவனும் நான்தான். எங்கள் தெருவிலேயே மாடிப்படி வைத்த முதல் வீடு என்னுடையது. மாடி இன்னும் கட்டவில்லை. படி இருக்கிறது.

படிப்பு இல்லாவிட்டாலும் போர்டு படிப்பேன். பஸ் போர்டு, கடை போர்டு, ஆபீஸ் போர்டு, எதையும் விடமாட்டேன். பட்டா மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். சில அதிகாரிகளின் பதவிக்குப் பக்கத்தில் மட்டும் பிராக்கெட் போட்டு ‘பொறுப்பு’ என்று எழுதியிருக்கும். நன்றாக வேலை பார்க்கிறவர்களைத் தேடிப் பிடித்து அரசாங்கம் கொடுக்கிற பட்டம் அது என்று புரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவரைப் பார்த்தால் ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டு, “பொறுப்பான ஆளுய்யா நீங்க” என்பேன். அவர்கள் ஏனோ முகத்தைச் சுளிப்பார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, எங்கள் வாய்க்காலில் வரவில்லை. என் நிலம் கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. நாற்றங்கால் மஞ்சளடித்து மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலைந்து நாள் இப்படியே காய்ந்தால் நாற்று மாட்டுக்குத்தான். அந்த வருஷ நெல்லே அதில்தான் நின்றுகொண்டிருந்தது.

மதகைத் திறந்து மூடுகிற ஊழியரை நாங்கள் லஸ்கர் என்போம். அவர் கையை விரித்துவிட்டார். “பாலத்துக்கிட்ட ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்குங்க. இப்ப மதகைத் தூக்குனா கரை உடைஞ்சு தெருவுக்குள்ள தண்ணி வந்துடும். மேலிடத்துல சொல்லிச் சுத்தம் பண்ண வைங்க, தூக்குறேன்.”

மேலிடத்தைக் கண்டித்து ஊர் கூடிச் சாலை மறியல் செய்தது. பந்தல், மைக், அண்டா நிறையப் புளிசாதம் என்று ஏற்பாடெல்லாம் பிரமாதம். முன்கூட்டியே தகவல் தெரிந்து பஸ் வேறு வழியாகப் போய்விட்டதால் மறிப்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. காலி ரோட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மைக்கில் அதிகம் பேசியவன் நான். ஒரு அதிகாரி வந்து மனுவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். தண்ணீர் வரும்வரை பந்தலைப் பிரிப்பதில்லை என்று ஊர் முடிவு செய்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்டாள், “என்ன, ரோட்டுல தண்ணி வந்துச்சா?”

“அரசாங்கத்துல ஒருத்தனுக்கும் பொறுப்பு இல்லடி.”

“உங்களுக்கு இருக்கா?”

“எனக்கு யாரு போர்டு குடுத்தா?” என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, யோசனை வந்துவிட்டது. என் யோசனைகள் எல்லாம் அப்படித்தான், வாயிலிருந்துதான் மூளைக்குப் போகும்.

மறுநாள் ஒரத்தநாட்டில் போர்டு எழுதுகிற தம்பியிடம் போனேன்.

“என்ன பதவிண்ணே போடணும்?”

“நாட்டுக் குடிமகன்னு போடு. பக்கத்துல பிராக்கெட்ல பொறுப்பு.”

“வேணாம்ண்ணே. குடிமகன்னா இப்ப சனங்க வேற ஆளைத்தான் நினைப்பாங்க. பொறுப்பா குடிக்கிறவருன்னு ஆயிடும்.”

அதுவும் சரிதான். ‘வாய்க்கால் (பொறுப்பு)’ என்று மஞ்சள் தகரத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக்கொடுத்தான். பாலத்தோரப் பூவரச மரத்தில் கம்பியால் கட்டினேன். மரத்தில் ஆணியடிப்பது பொறுப்பான ஆள் செய்கிற வேலையா?

அடுத்த நாள் காலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த என்ஜினியர் அம்மா இறங்கி, போர்டைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். டீக்கடையில் இருந்த எங்களைப் பார்த்தார்.

“யாருங்க வாய்க்கால் பொறுப்பு?”

“நான்தான்மா!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

“வெட்கமா இல்ல? இப்படியா வச்சிருப்பீங்க வாய்க்காலை? நாளைக்குச் சாயங்காலம் வருவேன். ஒரு இலை கிடந்தாலும் மெமோதான்!”

ஜீப் போய்விட்டது. நான் உருகிப்போனேன். இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னை ஒரு ஆளாக மதித்துத் திட்டியதில்லை. ‘அப்புறம் வாங்க’ என்பார்கள், அவ்வளவுதான்.

நேராக மறியல் பந்தலுக்குப் போனேன். “எல்லாரும் எழுந்திரிங்க. முடிக்கலைன்னா மெமோ வருதாம்.”

“உனக்குத்தானய்யா வரும்?” என்றான் சீட்டாடிக்கொண்டிருந்த என் மச்சான்.

சரி என்று நானே டிராக்டரைக் கொண்டுவந்தேன். கயிற்றைக் கொக்கியில் கட்டி ஆகாயத்தாமரைக்குள் இறக்கி இழுத்தேன். பாய் சுருட்டுகிற மாதிரி அது சுருண்டு கரையேறியது. கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று கால்தான். பழைய தேர்தல் பேனர் ஒன்று, அதில் தலைவர் சிரித்தபடியே வந்தார். சாமான் வருகிறது என்று தெரிந்ததும் பந்தல் காலியாகிவிட்டது. ஊரே கரையில் நின்றது.

ஒரு பூப்போட்ட மெத்தை வந்தது.

“இது உங்க வூட்டு மெத்தைதானே அத்தை?” என்றாள் ஒருத்தி.

“எங்க வூட்டுது ரோசாப்பூ போட்டது. இது செம்பருத்தி!”

“நல்லாக் கழுவிப் பாருங்க அத்தை, ரோசாப்பூதான்.”

அடுத்து ஒரு டயர். அது என்னுடையதுதான். டிராக்டர் உள்ளவன் வீட்டில்தானே டயர் இருக்கும்? அதைப் போய் மறைப்பானேன்!

மெத்தை அத்தைதான் முதலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். மெத்தையைத் தூக்கியெறிய இறங்கியவர் அங்கேயே நின்று செடியைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். அத்தை இறங்கியதும் மச்சான் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். மறியலுக்குக் காவல் வந்த போலீஸ்காரர், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் வாய்க்காலின் அடிமண் தெரிந்தது.

சாயங்காலம் என்ஜினியர் அம்மா லஸ்கரோடு வந்தார். லஸ்கர் போர்டைப் படித்துவிட்டுப் பதறினார். “மேடம், இங்க பொறுப்பு நான்தாங்க. பக்கத்து வாய்க்காலுக்கும் நான்தான்.”

“அப்ப இவரு?”

“இவரு வெவசாயிங்க!”

அப்போதுதான் அந்தம்மா எனக்கு விளக்கினார். பொறுப்பு என்றால் பட்டம் இல்லையாம். அந்த இடம் காலியாம். ஆள் வருகிறவரைக்கும் வேறு வேலையில் இருக்கிற ஒருவர் அதையும் சேர்த்துப் பார்ப்பாராம். “நானே இந்தப் பிரிவுக்குப் பொறுப்புதாங்க” என்றார், கொஞ்சம் சலிப்பாக.

ஊர் சிரித்தது. விடுவேனா நான்? “இடம் காலியாத்தானே இருந்துச்சு? எனக்கும் வேற வேலை இருக்கு. ஆள் வரல, சேர்த்துப் பார்த்தேன். போர்டுல என்னம்மா தப்பு?”

அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் சமயம் என்று கேட்டேன், “சொன்ன நேரத்துக்கு முடிச்சுட்டோம். மதகு எப்பம்மா?”

“மேல கேட்டுட்டுச் சொல்றேங்க.”

“நாங்க யாரைக் கேட்டுட்டும்மா எறங்கினோம்?” என்றார் மெத்தை அத்தை, தலையில் ஒரு ஆகாயத்தாமரை இலையோடு.

பந்தலில் உட்கார்ந்து கேட்டபோது மனுவை மடித்துப் பையில் வைக்க முடிந்தது. இடுப்பளவு சேற்றோடு நின்று கேட்கிற ஊரை எந்தப் பையில் வைப்பது? அந்தம்மா கரையைப் பார்த்தார், குவிந்து கிடந்த செடியைப் பார்த்தார். கையிலிருந்த போனை உள்ளே வைத்துவிட்டு லஸ்கரிடம் சொன்னார்: “தூக்குங்க. என் பொறுப்பு.”

லஸ்கர் மதகுக்கு ஓடினார். தண்ணீர் பாலத்தைத் தாண்டியதும் நான் டிராக்டரில் கரையோடு கூடவே போனேன். தண்ணீருக்கு வழி தெரியும், இருந்தாலும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் அல்லவா? தவளைகளைத் துரத்திக்கொண்டு, வைக்கோலும் நுரையுமாக அது கடைமடைக்கு வந்தபோது, மனைவி மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

“பேச்செல்லாம் அப்புறம். மடையை வெட்டுங்க.”

வெட்டினேன். வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாற்றங்கால் முழுக்க அந்தச் சத்தம். டிராக்டரை அணைத்துவிட்டு வரப்பில் குந்திக் காது கொடுத்தேன். மைக்கில் நான் பேசியதெல்லாம் அதற்கு முன்னால் எடுபடாது.